சர்வர்காரருக்குப் புது பிஎச்பி மேல் என்ன பகை?

ஹோஸ்டிங்காரரைத் திட்டுவதற்கு நிரல் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் காரணங்களில் மிகப் பழையது இது: "புது பிஎச்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, இவங்க சர்வர்ல இன்னும் பழசுதான் ஓடுது." (பிஎச்பி என்பது இணையதளங்களை இயக்கும் ஒரு நிரல்மொழி. அந்தத் தளங்களுக்குத் தன் சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுப்பவர் ஹோஸ்டிங்காரர்.) சோம்பேறி, கஞ்சன், விவரம் தெரியாதவன் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்து டிக்கெட் என்ற பெயரில் ஒரு புகாரும் போட்டுவிடுவார்கள். அந்த டிக்கெட்டுகளுக்குப் பதில் எழுதும் வேலையில் நான் கொஞ்ச காலம் இருந்தேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்து, இரவு முழுக்க, அமெரிக்க ஹோஸ்டிங் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனத்து ஆள் போலவே பதில் எழுதவேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இதற்கென்றே அலுவலகங்கள் நடந்தன.

சோம்பேறித்தனம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது முக்கியக் காரணம் இல்லை. புது பதிப்பு வேண்டும் என்று கேட்பவர் ஒருவர், அது வந்தால் அடிபடப்போகிறவர் வேறொருவர், அந்த அடிக்குக் கணக்கு தீர்க்கவேண்டியவர் மூன்றாவது ஆள். முதல் ஆளின் குரல்தான் இணையத்தில் கேட்கும். மற்ற இருவரும் எழுதுவதில்லை.

தேதிகளை முதலில் பார்த்துவிடலாம். பிஎச்பி 5.0 வெளியானது 2004 ஜூலை 13. சர்வர்களுக்கான இயங்குதளமான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 4ஆம் பதிப்பு 2005 பிப்ரவரியில் வந்தது. ஏழு மாதம் கழித்து வந்த அந்த லினக்ஸுக்குள் இருந்த பிஎச்பி 4.3.9! அடுத்த லினக்ஸ் 2007 மார்ச்சில் வந்தபோதுதான் 5.1.6 உள்ளே நுழைந்தது. அதற்குள் பிஎச்பிக்காரர்கள் 5.2ஐ வெளியிட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது. ரெட் ஹேட்டின் மூலநிரலிலிருந்தே இலவசமாகக் கட்டித் தரப்பட்டதுதான் சென்ட்ஓஎஸ். ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் எங்கு திரும்பினாலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, ஹோஸ்டிங்காரர் கையை ஆட்டுவதற்கு முன்பே அவருக்குக் கீழே இருந்த தரை கிட்டத்தட்ட மூன்று வருஷம் பின்தங்கியிருந்தது.

ரெட் ஹேட் அப்படிச் செய்வதற்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு பதிப்பை எடுத்துக்கொண்டால் அதன் எண்ணை மாற்றமாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டை ஏதாவது வெளியே வந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய நிரலுக்குள் கொண்டுவந்து தைப்பார்கள். 2014 ஜூனில் வந்த 7ஆம் பதிப்பில் பிஎச்பி 5.4.16 இருந்தது. 5.4 தொடரை அதை உருவாக்கியவர்களே 2015 செப்டம்பரில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு முடிந்தது 2024 ஜூன் 30இல். நடுவில் உள்ள வருஷங்களில் முக்கியமான ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது ரெட் ஹேட்தான்.

இதனால் வந்த தலைவலி தனி ரகம். இணையத்தில் கார்டு மூலம் பணம் வாங்கும் கடைக்காரர்கள் அவ்வப்போது தங்கள் தளத்தை ஒரு பாதுகாப்பு ஸ்கேனர் நிறுவனத்திடம் காட்டிச் சான்று வாங்கவேண்டும். ஸ்கேனருக்கு உள்ளே என்ன தைத்திருக்கிறது என்று தெரியாது, வெளியே தெரியும் எண்ணை மட்டும் படிக்கும். 'இந்தப் பதிப்பில் இத்தனை ஓட்டைகள்' என்று பக்கம் பக்கமாக ஒரு பிடிஎஃப் வரும். கடைக்காரர் அதை அப்படியே டிக்கெட்டில் இணைத்து, பெரிய எழுத்தில் கத்துவார். நாங்கள் அந்தத் தொகுப்பின் மாற்றக் குறிப்பை எடுத்து, ஓட்டை எண்களை ஒவ்வொன்றாகத் தேடி, 'இது அடைக்கப்பட்டது, இதுவும் அடைக்கப்பட்டது' என்று எழுதி அனுப்புவோம். எண்ணைப் பார்த்து சர்வரை எடைபோடும் எவரைப் பார்த்தாலும் எனக்கு அந்த பிடிஎஃப்தான் நினைவுக்கு வரும்.

லினக்ஸ் கொடுத்ததை விட்டுவிட்டு சீபேனல் மாதிரி, சர்வரை நிர்வகிக்கும் ஒரு பேனலை வைத்து பிஎச்பியைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. அப்புறம் ஏன் தாமதம்? இங்கேதான் ஷேர்டு ஹோஸ்டிங்கின் அமைப்பு குறுக்கே வருகிறது.

அந்தக் காலத்தில் பிஎச்பி பெரும்பாலும் அப்பாச்சி வலைச் சேவையகத்துக்குள்ளேயே ஒரு மாட்யூலாக ஏற்றப்பட்டிருக்கும். அது வேகமாக ஓடும், அமைப்பதும் எளிது. ஆனால் ஒரு அப்பாச்சிக்கு ஒரே பிஎச்பிதான். பிஎச்பி 4ஐயும் 5ஐயும் ஒன்றாக ஏற்றினால் இரண்டும் மோதிக்கொள்ளும். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரே தண்ணீர் மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர் அழுத்தம் போதவில்லை, புது மோட்டார் போடுங்கள் என்கிறார். போட்டால் அவருக்கு நல்லது. தரைத்தளத்தில் முப்பது வருஷத்துக் குழாய் வைத்திருப்பவர் வீட்டில் சுவரெல்லாம் ஈரமாகும். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கும்போது, தரைத்தளத்துக்காரர் யார் யார் என்றுகூட முன்கூட்டியே தெரியாது.

மாற்று வழிகள் இருந்தன. 4ஐ மாட்யூலாகவும் 5ஐ அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓடும் சிஜிஐ ஆகவும் வைத்துக்கொண்டு, கோப்பின் பெயர் முடிவில் பிஎச்பி என்பதற்குப் பதில் பிஎச்பி5 என்று போட்டால் புதியது ஓடும் என்று சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்திருந்தன. இல்லையென்றால் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வேறு சர்வரிலிருந்து மாறிவரும் வாடிக்கையாளர் அந்த வரியையும் சேர்த்துக் கொண்டுவருவார். விளைவாக, தளத்தைத் திறந்தால் பக்கம் வராது, கோப்பு கம்ப்யூட்டரில் டவுன்லோடு ஆகும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக எல்லார் கண்ணுக்கும் தெரிந்த நாட்களும் உண்டு.

4இலிருந்து 5க்குப் போகும்போது எது உடைந்தது என்பதும் முக்கியம். 4இல் ஒரு ஆப்ஜெக்டை, அதாவது விவரங்களைக் கட்டிவைத்த ஒரு மூட்டையை, இன்னொரு மாறியில் போட்டால் நகல் உருவாகும். 5இல் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டும். பழைய நிரல் அங்கே எர்ரர் காட்டி நிற்காது, தொடர்ந்து ஓடும். கூடையில் போட்ட பொருளின் விலை மட்டும் தப்பாக வரும். பழைய நடத்தை வேண்டுமென்றால் போட்டுக்கொள்ள பிஎச்பி 5இலேயே ஒரு அமைப்பைக் கொடுத்திருந்தார்கள், 5.3இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ரிஜிஸ்டர் குளோபல்ஸ் கதை இதைவிட நீளம். முகவரிப் பட்டையில் யார் எதைத் தட்டினாலும் அது நிரலுக்குள் நேரடியாக ஒரு மாறியாக வந்து உட்காரும் வசதி அது. ஆபத்து என்று புரிந்து 2002இல் வந்த 4.2.0இலேயே தானாக இயங்காதபடி அணைத்துவிட்டார்கள். ஆனால் முழுதாக நீக்கப்பட்டது 2012இல் வந்த 5.4இல். நடுவில் பத்து வருஷம் அதை மறுபடி இயக்கிக் கொடுத்தது யார்? ஹோஸ்டிங்காரர்கள்தான். ஆன்லைன் கடை போடுகிறவர்கள் அன்று விரும்பி நிறுவிய ஓஎஸ்காமர்ஸ் 2.2இன் முந்தைய வெளியீடுகள் அது இல்லாமல் ஓடா. அணைத்து வைத்தால் கடை திறக்காது, திறக்காவிட்டால் கடைக்காரர் வேறு நிறுவனத்துக்குப் போவார். அங்கே அதை இயக்கித்தான் வைத்திருப்பார்கள்.

பணக் கணக்கை இங்கே சொல்லியாகவேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங் வாடிக்கையாளர் மாதம் கொடுப்பது சில டாலர்கள். அவர் டிக்கெட் போடாத வரை அதில் லாபம். ஒரு டிக்கெட்டுக்கு ஒருவர் அரை மணி நேரம் செலவிட்டாலே அந்த மாதத்துக்கு அந்தக் கணக்கில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு சர்வரின் பிஎச்பியை மாற்றிய இரவில் நூறு டிக்கெட் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். எங்கள் டீம் லீடர் பொள்ளாச்சிக்காரர். வெள்ளிக்கிழமை யாராவது அப்டேட் என்று வாயெடுத்தால், "வேண்டாங்க தம்பி, ரெண்டு நாள் தூங்க வேண்டாமுங்களா?" என்பார். அவரை நான் கோழை என்று நினைத்ததில்லை.

அந்த டிக்கெட்டுகளை எழுதியவர்கள் யார்? ஒரு சின்ன ஊர்த் தேவாலயம், பல் மருத்துவர், வீடு விற்கும் தரகர், நாய் வளர்ப்போர் சங்கம். யாருக்கும் பிஎச்பி என்றால் என்னவென்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தளத்தைச் செய்து கொடுத்தது ஒரு உறவுக்காரப் பையனாக இருக்கும், அவன் இப்போது கல்லூரி முடித்து வேறு வேலைக்குப் போயிருப்பான். பதிப்பை மாற்றப்போகிறோம் என்று முன்னறிவிப்பு அனுப்பினோமே என்றால், அது கணக்கைத் தொடங்கியபோது அந்தப் பையன் கொடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். நாங்கள் 'உங்கள் நிரலாளரைத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதுவோம். 'எனக்கு நிரலாளர் என்று யாரும் இல்லை, எனக்கு இருப்பது நீங்கள்தான், நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று பதில் வரும். தொழில்நுட்பப்படி நாங்கள் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வாங்கியது 'தளம் ஓடும்' என்ற ஒரு சேவையை. அவர் எதையும் தொடவில்லை, நாங்கள்தான் தொட்டோம்.

புது பதிப்பு கேட்டவர் வேறு ஜாதி. அவருக்குத் தெரியும், அவரே சரிசெய்துகொள்வார், கிடைக்காவிட்டால் தனக்கென்று ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் போவது நிறுவனத்துக்கு உறைக்காது. பல் மருத்துவர் போனால் உறைக்கும், அவர் தனக்குத் தெரிந்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

இந்தச் சிக்கலை நிரலாளர்கள் பக்கமிருந்து உடைக்க 2007இல் ஒரு முயற்சி நடந்தது. கோபிஎச்பி5 என்று பெயர். ட்ரூபல், பிஎச்பிமைஅட்மின், சிம்ஃபொனி, டைப்போ3 போன்ற, பிஎச்பியில் எழுதப்பட்ட திட்டங்கள் சேர்ந்து, 2008 பிப்ரவரி 5க்குப் பிறகு வரும் தங்கள் புதிய வெளியீடுகளுக்கு பிஎச்பி 5.2 கட்டாயம் என்று அறிவித்தன. 'வாடிக்கையாளர் கேட்கவில்லை' என்று ஹோஸ்டிங்காரர் சொல்வதும், 'ஹோஸ்டிங்காரர் தரவில்லை' என்று நிரலாளர் சொல்வதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எல்லாரும் ஒரே தேதியில் நகர்வோம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனைதான். அதே வருஷம் ஜூலையில் பிஎச்பி குழுவும் 4க்கு முடிவுநாள் குறித்தது, கடைசி வெளியீடான 4.4.9 2008 ஆகஸ்டில் வந்தது.

தளம் அமைக்க ஏராளமானவர்கள் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் அதில் சேரவில்லை. எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால் பிஎச்பி 5 தோல்வி என்ற பொருள்பட வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் அப்போதே எழுதினார். 2011 ஜூலையில் 3.2 வரும்வரை வேர்ட்பிரஸ் பிஎச்பி 4இலும் ஓடியது. அந்த 3.2 கேட்ட குறைந்தபட்சப் பதிப்பு 5.2.4. பிஎச்பி 5.2 தொடரோ அந்த வருஷம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2019 மே மாதம் குறைந்தபட்சத்தை 5.6.20 ஆக்கினார்கள், 5.6 முடிந்தது 2018 டிசம்பரில். 2024 ஜூலையில் 7.2.24 ஆக்கினார்கள், 7.2 முடிந்தது 2020 நவம்பரில். செத்த பிறகுதான் கட்டாயம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். நிரலாளர்களுக்கு எரிச்சல்தான். எனக்கோ, வேர்ட்பிரஸும் ஹோஸ்டிங்காரரும் ஒரே வாடிக்கையாளரை மனதில் வைத்துக்கொண்டு ஒரே கணக்கைப் போட்டதாகத்தான் படுகிறது. ஹோஸ்டிங்காரரும் வேர்ட்பிரஸ் என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

வெளியில் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், பூட்டிய நிரல். மூலநிரலை வாடிக்கையாளர் பார்க்கக்கூடாது என்று ஐயன்க்யூப் அல்லது ஸெண்ட் கார்டு வைத்துக் குறியாக்கம் செய்து விற்பார்கள். அதை ஓட்ட சர்வரில் அதற்குரிய லோடர் வேண்டும், லோடர் ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் தனித்தனி. ஸெண்ட் கார்டு பிஎச்பி 7க்கு வரவே இல்லை. ஐயன்க்யூப் 8.0ஐத் தாண்டிக் குதித்து 8.1க்குத்தான் லோடர் தந்தது. இதில் வேடிக்கை, ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு பில் போட வைத்திருக்கும் டபிள்யூஎச்எம்சிஎஸ் மென்பொருளே ஐயன்க்யூப் பூட்டு போட்டதுதான். அடுத்தவரைப் புதுப்பிக்கச் சொல்லும் நிறுவனத்தின் சொந்தக் கல்லாப்பெட்டி பழைய பதிப்பில் காத்துக்கிடக்கும்.

பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் இதற்கு ஒரு கிளைக்கதை. சென்ட்ஓஎஸ் 6இல் இருந்தது பைத்தான் 2.6. சர்வரின் தொகுப்புகளை நிறுவும் யம் கருவியே அதில் எழுதப்பட்டது. ஆர்வக்கோளாறில் ஒருவர் 2.7ஐக் கட்டி, சிஸ்டத்தின் பைத்தானுக்குப் பதிலாக அதை வைத்தால், யம் அந்த நிமிஷமே படுத்துவிடும். அதனால் பைத்தான் கேட்கும் டிக்கெட்டுகளை நாங்கள் தள்ளியே வைப்போம்.

சரி, எது மாறியது? உபதேசத்தால் எதுவும் மாறவில்லை. முதலில், ஒரே மோட்டார் என்ற நிலைமை போனது. ஹோஸ்டிங் சர்வர்களுக்கென்றே செய்யப்பட்ட கிளவுட்லினக்ஸ் தன் பிஎச்பி செலக்டர் மூலம் ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பதிப்பு தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சீபேனல் 2016இல், அப்பாச்சியையும் பிஎச்பியையும் நிறுவும் தன் கருவியான ஈஸிஅப்பாச்சி 4ஐ வெளியிட்டு, மல்டிபிஎச்பி என்று அதையே தன் பேனலுக்குள் வைத்தது. மூன்றாம் மாடிக்காரருக்குப் புதியது, தரைத்தளத்துக்காரருக்குப் பழையது, இரண்டும் ஒரே சர்வரில். டிக்கெட் பயம் பாதி தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தது 2015 டிசம்பர் 3இல் வந்த பிஎச்பி 7.0. 5.6ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம், நினைவகமும் குறைவாகத்தான் பிடித்தது. பிஎச்பியை வேகமாக ஓட்ட ஃபேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம் கொடுத்த போட்டிக்கும் இதில் பங்குண்டு. ஹோஸ்டிங்காரருக்கு முதன்முறையாக ஒரு புது பதிப்பில் சொந்த லாபம் தெரிந்தது. அதே சர்வரில் கூடுதல் கணக்குகளை ஏற்றலாம், இல்லையென்றால் அதே கணக்குகளோடு சர்வர் மூச்சு வாங்காமல் ஓடும். நேம்ஸ்பேஸ், க்ளோஷர் என்று மொழி அழகைச் சொல்லி அதுவரை கெஞ்சியும் அசையாதவர்கள், 'உங்கள் தளத்தை 7க்கு மாற்றுங்கள்' என்று தாங்களே மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் என்ற பழைய ஃபங்ஷனை 7.0 நீக்கியதால் அப்போதும் நிறைய தளங்கள் விழுந்தன. ஆனால் விழுந்த தளத்தை ஒரே கிளிக்கில் 5.6க்குத் திருப்பிவிடலாம் என்பதால் யாருடைய தூக்கமும் போகவில்லை. 8.0 இன்னும் கடுமை: வகுப்பின் பெயரையே வைத்து எழுதிய கன்ஸ்ட்ரக்டர் செல்லாது, வெற்று மதிப்பை எண்ணச் சொன்னால் எச்சரிக்கை போய் முழு எர்ரர், பூஜ்யமும் எழுத்தும் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒப்பீடு தலைகீழ். அதையும் இதே முறையில்தான் கடந்தார்கள்.

இன்று பேனலைத் திறந்தால் 5 தொடரிலிருந்து 8 தொடர் வரை பட்டியல் நீளும் நிறுவனங்கள் இருக்கின்றன. தாமதம் ஹோஸ்டிங்காரரிடமிருந்து வாடிக்கையாளரிடம் இடம் மாறிவிட்டது. பழசிலேயே இருப்பவருக்காக ஓட்டைகளை அடைத்துக்கொடுப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. கிளவுட்லினக்ஸ் ஹார்டன்டுபிஎச்பி என்ற பெயரில் அதைச் செய்கிறது. ஜெர்மனியின் ஐயோனாஸ் ஹோஸ்டிங் நிறுவனம், முடிந்துபோன பதிப்புகளில் தொடர்கிறவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. பிஎச்பி குழுவும் கொஞ்சம் இறங்கி வந்தது: ஒரு பதிப்புக்கு மூன்று வருஷம் என்றிருந்த ஆயுளை 2024இல் நான்கு வருஷமாக நீட்டினார்கள்.

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் சென்ட்ஓஎஸ் 7 முடிகிற நேரம் வந்தபோது, 5.6இல் ஓடிய கணக்குகளின் சொந்தக்காரர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினோம். பழைய பதிப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம், மாறுவதென்றால் கட்டணம் இல்லை. பாதுகாப்பு பற்றி நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு வந்ததே இல்லாத பதில்கள் இதற்கு வந்தன. பலர் ஒரு நிரலாளரைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். சிலர் தளத்தையே மூடினார்கள், அவர்களுக்கு அது இருந்ததே மறந்துபோயிருந்தது. ஐயன்க்யூப் பூட்டு போட்ட கணக்கு மென்பொருள் ஒன்றை வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரி மட்டும், அதை விற்ற நிறுவனமே இப்போது இல்லை என்று சொல்லி, கட்டணத்தைக் கட்டிக்கொண்டு 5.6இலேயே இருக்கிறார்.